இருநூற்று நாற்பத்திரண்டாம் தாள்

தென்காசியில் ஐம்பதுகளில் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்ட யாரைக் கேட்டாலும் சிவசைலத்தின் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில், ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் நடந்துவந்த டுட்டோரியல் காலேஜில் அவர் குமாஸ்தா. காலேஜ் என்பது பெயருக்குத்தான். மூன்று அறைகள், நாலு வாத்தியார்கள், முத்துக்குமாரசாமி என்று ஒரு முதலாளி. ஒரு தடவை தவறியவர்களும் இரண்டு தடவை தவறியவர்களும் கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் அங்கே வந்து படித்தார்கள். சிவசைலம் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் பாதி பாஸ் என்று ஒரு பேச்சு இருந்தது. அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

அவரே இன்டர்மீடியட் முடிக்காதவர். பாளையங்கோட்டையில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பத்தொன்பது வயதில் அப்பாவின் காரியத்தில் மகனுக்குக் கட்டும் உருமாலைக் கட்டிக்கொண்டு, அடுத்த மாதமே வேலை தேடி இறங்கிவிட்டார். அம்மாவும் அதிக நாள் இருக்கவில்லை. கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை, உலகம்மாள். அவருக்குப் பத்து வயது இளையவள். கோயில் அம்மன் பெயர் என்பதால் தென்காசியில் தெருவுக்கு நாலு உலகம்மாள் உண்டு. ஆனால் சிவசைலம் "உலகு" என்று கூப்பிட்டால் அந்தக் குரலில் வேறு யாரும் இல்லை என்பது போல இருக்கும்.

அவளை எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க வைத்தார். பிறகு அம்பாசமுத்திரத்தில் நல்ல இடம் என்று கட்டிக் கொடுத்தார். ஒன்றரை வருஷம். மாப்பிள்ளைக்கு டைபாய்டு வந்து பதினேழு நாளில் முடிந்துபோனது. இருபத்தொரு வயதில், பிள்ளை குட்டி எதுவும் இல்லாமல், அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த மூன்றாம் மாதம் அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"அண்ணே, டீச்சர் ட்ரெயினிங்குக்கு அப்ளிகேஷன் போடட்டுமா? ரெண்டு வருஷந்தான். முடிச்சா சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்."

சிவசைலம்தான் தடுத்தார். "அ ஆ சொல்லிக் கொடுக்கவா நீ இருக்கே? பொம்பளைங்க காலேஜுக்குப் போகாமலே வீட்டுல இருந்து இன்டர் எழுதலாம் தாயி. அத முடி. பெறவு பி.ஏ. எழுது. ஒருநாள் காலேஜுல நின்னு பாடம் சொல்லுவே, பாரு."

தன்னால் ஏற முடியாத படியில் தங்கையை ஏற்றிவிட நினைத்தார் என்று அவர் மனைவி வடிவம்மாள் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்றும் அவளே சொல்வாள்.

உலகம்மாள் படித்தாள். இன்டர்மீடியட்டில் மூன்று பகுதிகள் உண்டு. ஆங்கிலம் முதல் பகுதி, தமிழ் இரண்டாவது. விருப்பப் பாடங்கள் மூன்றும் சேர்ந்தது மூன்றாவது. அவள் எடுத்தது பழைய சரித்திரம், புதிய சரித்திரம், லாஜிக். டுட்டோரியலில் யாரோ விட்டுப்போன லாஜிக் புத்தகத்தைச் சிவசைலம் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் புத்தகம் அவளுக்குப் பிடித்துப்போனது. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே மைனி வடிவம்மாளை வம்புக்கு இழுப்பாள்.

"மைனி, சாரல் பெஞ்சா அருவியில தண்ணி விழும். சரியா?"

"சரிதான்."

"இப்ப அருவியில தண்ணி விழுது. அப்பொ சாரல் பெஞ்சிருக்குன்னு சொல்லலாமா?"

"சொல்லாம பின்னே?"

"கூடாது மைனி! மலைக்கு மேல வேற எங்கனயாவது மழை கொட்டியிருக்கலாம்லா. சாரல்தான்னு எப்படிச் சொல்லுதிய?"

"இந்தா, ஒன் லாஜிக்க வச்சுக்கிட்டு இந்தத் தேங்காயத் துருவு" என்பாள் வடிவம்மாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்த வீட்டில் அப்போதுதான் திரும்பச் சிரிப்பு கேட்டது.

ஆங்கிலத்திலும் தமிழிலும் தேறிவிட்டாள். அதற்குள் பல்கலைக்கழகம் இன்டர்மீடியட்டையே எடுத்துவிட்டது. இரண்டு வருஷப் படிப்புக்குப் பதிலாக ஒரு வருஷத்துப் புகுமுக வகுப்பு வந்தது. பழைய படிப்பில் பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சில தடவை பரீட்சை நடத்துவார்கள், அதோடு சரி. ஐம்பத்தெட்டு செப்டம்பரில் மூன்றாம் பகுதி எழுதினாள். லாஜிக்கில் அறுபத்தைந்து. புதிய சரித்திரத்தில் நாலு மார்க்கில் போய்விட்டது. மூன்றையும் ஒரே தடவையில் தேற வேண்டும் என்பதால் மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். ஐம்பத்தொன்பது மார்ச்தான் கடைசி என்று அறிவிப்பு வந்தது.

அந்த வருஷந்தான் பல்கலைக்கழகம் பாடங்களுக்கெல்லாம் எண் போட்டது. அதுவரை விண்ணப்பத்தில் லாஜிக் என்று பெயரை எழுதினால் போதும். இனிமேல் பெயர் எழுத வேண்டாம், மூன்று கட்டத்தில் மூன்று இலக்கம் எழுதினால் போதும் என்று சுற்றறிக்கை வந்தது. கூடவே நாலு பக்கத்துக்கு ஒரு பட்டியல். சிவசைலம் அந்தப் பட்டியலை அட்டையில் ஒட்டி மேஜைக்கு மேலே தொங்கவிட்டார். புகுமுக வகுப்பு லாஜிக் 142. பழைய இன்டர்மீடியட் லாஜிக் 242. பழைய சரித்திரம் 244, புதிய சரித்திரம் 245.

ஜனவரியில் ஒரே வாரத்தில் நாற்பத்தொரு விண்ணப்பங்கள் பூர்த்தி செய்தார். நாற்பதும் புகுமுக வகுப்பில் தவறியவர்களுடையவை. எல்லா எண்ணும் ஒன்றில் தொடங்குபவை. நாற்பத்தொன்றாவது உலகம்மாளுடையது. தங்கை விண்ணப்பத்தைக் கடைசியில் நிதானமாக எழுதலாம் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார். பெயரை எழுதினார், கணவர் பெயரை எழுதும்போது ஒரு நிமிஷம் நிறுத்தினார், விலாசம் எழுதினார், எண்களை எழுதினார். மை காய்ந்ததும் தபாலில் சேர்த்தார்.

பரீட்சை பாளையங்கோட்டையில். சொந்தக்காரர் வீட்டில் தங்கி இரண்டு சரித்திரங்களையும் நன்றாக எழுதினாள். மூன்றாம் நாள் லாஜிக். சிவசைலம் லீவு போட்டு வந்திருந்தார். பத்து மணிக்கு அவள் உள்ளே போனதும் வெளியே வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். உலகம்மாள் கடைசியாக வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணே, எனக்குக் கேள்வித்தாள் மாறி வந்துட்டு."

"மாறியா? என்னட்டி சொல்லுதே?"

"புகுமுக வகுப்புத் தாள். எனக்கு இது இல்லன்னு எந்திரிச்சு நின்னு சொன்னேன். சூப்பர்வைசர் லிஸ்டப் பாத்தாரு. 'ஒம் பேருக்கு நேரா நூத்தி நாப்பத்திரண்டுதாம்மா போட்டிருக்கு, நான் வேற தாள் தர முடியாது'ன்னுட்டாரு. எழுதுனா எழுது, இல்லன்னா வெளிய போன்னு சொன்னாரு. சும்மா உக்காந்திருக்க மனசு வரல. எழுதிட்டேன்."

சிவசைலம் அவள் கையிலிருந்த ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். 142, 244, 245. தபாலில் வந்த அன்று அதைப் பிரித்தவர் அவர்தான். பெயரைப் பார்த்தார், பரீட்சை மையத்தைப் பார்த்தார். எண்ணைப் பார்க்கவில்லை.

"நீ பாக்கலியா உலகு?"

"பாத்தேன் அண்ணே. மத்த ரெண்டும் ரெண்டுல தொடங்குது, இது மட்டும் ஒண்ணுல தொடங்குதேன்னு நினைச்சேன். நீங்க எழுதுனதுல்லா, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

அவர் வாயிலிருந்து அப்போது ஒரு வார்த்தை வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் அவருக்கே தெரியவில்லை.

"யுனிவர்சிட்டிக்காரன் தப்பா அச்சடிச்சிருக்கான். நான் மெட்ராசுக்குப் போயிட்டு வாரேன். நீ கவலைப்படாதே."

மே மாதம் லீவு கிடைத்ததும் மெட்ராஸ் மெயிலில் ஏறினார். உண்மையிலேயே பல்கலைக்கழகத்தின் தப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை ராஜபாளையம் தாண்டும் வரைக்கும் அவருக்கு இருந்தது. அதற்கப்புறம் குறைந்துகொண்டே வந்து, எழும்பூரில் இறங்கும்போது ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் போனார்.

பரீட்சைப் பிரிவில் அவரை இரண்டு நாள் அலையவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு உதவியாளர், வயதானவர், நெற்றியில் விபூதி பூசியவர், உட்காரச் சொன்னார். கட்டுக்கட்டாக இருந்த விண்ணப்பங்களிலிருந்து ஒன்றை உருவி மேஜையில் வைத்தார். அச்சுப் போன்ற எழுத்து. கட்டத்துக்குள் ஒன்று, நாலு, இரண்டு. ஒன்று சுத்தமாக, நேராக, ஐயத்துக்கு இடமில்லாமல் நின்றது.

"யார் சார் எழுதினது? ரொம்ப அழகான கையெழுத்து" என்றார் உதவியாளர்.

"நாந்தான்" என்றார் சிவசைலம்.

அந்த மனிதர் விண்ணப்பத்தைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு தாமாகவே விளக்கம் சொல்லத் தொடங்கினார். அந்த எண் முறையை வகுத்த கமிட்டிக்குக் காகிதம் தயாரித்தவரே அவர்தான் போலிருக்கிறது.

"முதல் இலக்கம் படிப்பு சார். ஒண்ணுன்னா புகுமுகம், ரெண்டுன்னா பழைய இன்டர், மூணு பி.ஏ. நடு இலக்கம் பாடப் பிரிவு, சரித்திரத்துக்கும் லாஜிக்குக்கும் நாலு. கடைசி இலக்கம் பாடம். லாஜிக் எந்தப் படிப்பில இருந்தாலும் கடைசி ரெண்டும் நாப்பத்திரண்டுதான். வாலைப் பிடிச்சா பாடம் தெரியும், தலையைப் பிடிச்சா படிப்பு தெரியும். இனிமே புதுசா பாடம் வந்தாலும் இதுக்குள்ள அடங்கிடும். அச்சகத்தில யாரும் பேரைப் படிக்க மாட்டான். எண்ணைப் பார்த்துக் கட்டுக் கட்டி அனுப்பிடுவான்."

இத்தனை கலக்கத்திலும் சிவசைலத்துக்கு அந்த ஏற்பாடு அழகாகப் பட்டது. எண்களோடும் கட்டங்களோடும் பதினெட்டு வருஷம் வாழ்ந்தவர். அழகாகப் படுகிறதே என்று தன் மீதே அவருக்கு வெறுப்பு வந்தது.

"பாடம் ஒண்ணுதானே சார். அதை எழுதியிருக்கால்லா. இந்தத் தாளையே அவளுக்குக் கணக்குல எடுத்துக்கிடக் கூடாதா?"

உதவியாளர் இன்னொரு கட்டைப் பிரித்து ஒரு நீளத்தாளில் விரலை ஓட்டினார். "சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். எழுபத்தொண்ணு வாங்கியிருக்காங்க. ஆனா என்ன சார் பண்ண? இன்டர் படிக்கிறவங்க புகுமுகத் தாள் எழுதினா அது செல்லாது. இருநூத்தி நாப்பத்திரண்டில அவங்க ஆப்சென்ட். மனு குடுத்துட்டுப் போங்க. பலன் இருக்காது."

மனு கொடுத்தார். அதையும் அழகாகத்தான் எழுதினார்.

திரும்பி வந்து ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் உலகம்மாளும் வடிவம்மாளும் நின்றிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "முடியாதுன்னுட்டான்" என்றார்.

"தப்பு அவங்க மேலன்னு ஒத்துக்கிட்டானுவளா?" என்றாள் உலகம்மாள்.

"ஒத்துக்கிடுவானா? பெரிய இடம்" என்றார் சிவசைலம். தண்ணீர்ச் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். செம்பை இறக்கினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அதிக நேரம் குடித்தார்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. அவள் எண் பேப்பரில் இல்லை. அன்றைக்குச் சாரல் தொடங்கியிருந்தது. பெரிய கோயிலின் இடிந்த மொட்டைக் கோபுரத்துக்குள் புகுந்து வரும் காற்று தெருவில் போகிறவர்களின் குடையை மடக்கித் திருப்பியது. உலகம்மாள் அழவில்லை. உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். தன்னுடைய விண்ணப்பத்தில் சரியான எண் இருந்தது என்றும், அச்சில் மாறிவிட்டது என்றும், இதற்குத் தன்னைப் பலியாக்குவது நியாயம் அல்ல என்றும், ஒன்றன்பின் ஒன்றாகக் காரணம் அடுக்கி எழுதினாள். அண்ணனிடம் காட்டினாள். "இங்கிலீஷு சரியா இருக்கா பாருங்க" என்றாள். அவர் படித்தார். ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தினார். வேறு எதையும் திருத்தவில்லை.

பதில் ஜூலைக் கடைசியில் வந்தது. டுட்டோரியல் விலாசத்துக்கு வந்ததால் தபால்காரர் சிவசைலத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் உறையைக் கிழித்தார். நாலே வரி. விண்ணப்பதாரர் சமர்ப்பித்த படிவத்திலேயே 142 என்று உள்ளதால் அலுவலகத்தின் மீது பிழை இல்லை.

கிழித்துப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. ஒன்பது நாள் அந்தக் காகிதம் அவர் சட்டைப் பைக்குள் இருந்தது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொண்டார்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருஷா வருஷம் குற்றாலத்துக்குப் போவார். அந்த வருஷம் உலகம்மாளும் வருகிறேன் என்றாள். பெரிய அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் குளிக்க வந்தவர்களுமாக நிற்க இடமில்லை. தர்ப்பணம் முடித்து, குற்றாலநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, இருவரும் பஸ்ஸுக்காக ஒரு பலசரக்குக் கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். அவர் தலை ஈரம் துவட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.

அவள் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள். சாரலில் ஒரு துளி காகிதத்தில் விழுந்ததைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள்.

"ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு விழுந்துபோச்சு. அவ்வளவுதானே அண்ணே" என்றாள்.

அவருக்கு மூச்சு திரும்பி வந்தது போல இருந்தது. "நாப்பது ஃபாரம் எழுதுன கையி, உலகு. அந்தப் பழக்கத்துல—"

"மனுசன் கை மாறாதா? யாருக்கும் மாறும்." அவள் காகிதத்தை மடித்தாள். "மெட்ராசுக்குப் போனியளே, அங்கன ஃபாரத்தக் காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க."

"அப்பமே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"நான் லெட்டர் எழுதும்போதும் தெரியும்."

மேலே தகரத்தில் சாரல் சடசடத்தது.

"ஒரு பொய்ய நிசம்னு நம்பி அத்தனை காரணம் அடுக்கி எழுதியிருக்கேன். அதுல ஸ்பெல்லிங் திருத்திக் குடுத்தியளே அண்ணே" என்றாள். குரல் உயரவில்லை. பஸ் வந்தது. பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. மறுநாளும் அவருக்குச் சோறு போட்டாள். மைனியோடு பேசினாள். ஆனால் லாஜிக் புத்தகத்தை டுட்டோரியல் அலமாரியில் சேர்த்துவிடும்படி மைனியிடம் கொடுத்தாள். அடுத்த வருஷம் தானே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, தானே பூர்த்தி செய்து, தானே போய்த் தபாலில் போட்டாள். இருபத்தெட்டு வயதில், தன்னைவிடப் பத்து வயது சின்னப் பெண்களோடு உட்கார்ந்து படித்தாள். முடித்ததும் வடகரையில் ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயே தென்னந்தோப்புக்கு நடுவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள்.

"இங்க இருந்து தினம் போயிட்டு வரலாமே" என்றார் சிவசைலம்.

"பஸ்ஸு நேரத்துக்கு வராது அண்ணே" என்றாள். அது உண்மைதான். ஆனால் அதனால் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சிவசைலம் டுட்டோரியலிலேயே இருந்தார். எண்களை எழுதியபின் படிவத்தை மாணவனிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்வார். அவன் படிக்கப் படிக்க அவர் பட்டியலில் விரல் வைத்துப் பார்ப்பார். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை. பையன்கள் சிரித்தார்கள். முத்துக்குமாரசாமி ஒருநாள், "என்னவே, கோயில்ல அர்ச்சனை மாதிரி இருக்கு" என்றார். யாரிடமும் அவர் காரணம் சொன்னதில்லை.

வருஷத்துக்கு மூன்று நாலு முறை வடகரைக்குப் போவார். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் குலையும் கொண்டுபோய் வைப்பார். அவள் நன்றாக உபசரிப்பாள். வடித்த சோறு, சிறுகிழங்குப் பொரியல், மோர். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிச் சொல்வாள், மைனிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் போகும்போது இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துப் போவார். என்னை மன்னிச்சிட்டியா என்று ஒரு கேள்வி. அவள் இலை போடும்போது அது தொண்டைக்கு வரும், மோர் ஊற்றும்போது இறங்கிவிடும்.

அறுபத்தாறில் ஒருமுறை போயிருந்தபோது அவள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தாள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் சேமநிதி யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் படிவம். அண்ணன் மகள் சண்முகசுந்தரியின் பெயரை எழுதியிருந்தாள். சாட்சிக் கையெழுத்துத்தான் வேண்டும். அவர் கண் கலங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். அவள் அதை வாங்கி, தேதியைக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உறையில் வைத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. டீச்சர் வேலையில் வந்த பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் சிவசைலம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

சண்முகசுந்தரியின் கல்யாணம் அறுபத்தெட்டு ஆவணியில் நடந்தது. உலகம்மாள் ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். பலகாரம் சுட்டாள், கல்யாணப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டாள். மணவறைப் பக்கம் மட்டும் வராமல் பின்கட்டிலேயே நின்றாள். சிவசைலம் இரண்டு முறை போய்க் கூப்பிட்டார். "இங்கன இருந்தே தெரியுது, போங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் ஊருக்குக் கிளம்பினாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தார். வழியெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வடகரைக்குப் போகும் பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்றார்.

"உலகு."

"சொல்லுங்க."

"என் கைதான் மாறியிருக்கும்னு அன்னைக்கு வேப்பமரத்தடியில வச்சே சொல்லியிருக்கணும் தாயி. அப்படியே சொல்லியிருக்கணும்."

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு வாக்கியந்தான் வந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள் போல.

"சொல்லியிருந்தா நான் அங்கனயே உங்கள ஏசியிருப்பேன்" என்றாள். "ஏசிட்டு, சாயந்தரம் ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். அதோட போயிருக்கும் அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவர் கையிலேயே இருந்துவிட்ட தன் பையை வாங்கிக்கொண்டாள்.

"வெயிலுக்கு முந்தி வீட்டுக்குப் போங்க" என்றாள்.

பஸ் திரும்பி மறைந்தபிறகும் அவர் அங்கேயே நின்றார். திருநெல்வேலி பஸ்காரர்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, எங்க போவணும்?" என்று கேட்டான். எங்கேயும் இல்லை என்று கையைக் காட்டிவிட்டு, டுட்டோரியலுக்கு நேரமாகிவிட்டதே என்று நடக்கத் தொடங்கினார்.